புத்தகம் வாங்குவதா, பி.டி.எஃப். போதுமா?

கல்லூரி திறந்து ஒரு வாரம் ஆவதற்குள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அந்த செமஸ்டருக்கான பாடநூல்கள் எல்லாம் பி.டி.எஃப். கோப்புகளாக வந்து இறங்கிவிடுகின்றன. ஐந்தாறு பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று நூல்கள். "எல்லாமே போன்ல இருக்கும்மா, புத்தகம் எதுக்கு?" என்று பிள்ளை கேட்கிறது. கல்லூரிக் கட்டணம், விடுதிப் பணம், பேருந்துச் செலவு எல்லாம் கட்டி முடித்து வெறுங்கையோடு நிற்கும் பெற்றோருக்கு அந்தப் பேச்சு நிம்மதியாகத்தான் இருக்கிறது. ஒரு செலவு மிச்சம் என்று விட்டுவிடுகிறார்கள்.

அது உண்மையிலேயே மிச்சம்தானா என்று யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. நம் குடும்பங்களில் பலவற்றில் இந்தத் தலைமுறைதான் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கிறது. எந்த நூலைக் கட்டாயம் வாங்க வேண்டும், எதை வாங்கினால் பணம் வீண் என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. அதனால் ஒன்று, பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் கடன்பட்டு வாங்குகிறோம். அல்லது ஒன்றைக்கூட வாங்காமல் போனை நம்பி விடுகிறோம். இரண்டுமே தேவையில்லை என்பது நம் கருத்து. ஒரு செமஸ்டருக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று நூல்கள் காகிதத்தில் பிள்ளையின் கையில் இருக்க வேண்டும். மற்றவை திரையிலேயே இருக்கலாம்.

மின்நூல்தான் சிக்கனம் என்ற வாதம் பெரிதாகக் கிளம்பியது அமெரிக்காவில். அங்கே ஒரு கல்லூரிப் பாடநூல் 200 டாலரைத் தாண்டுவது சாதாரணம். அந்த விலைக்கு அஞ்சித்தான் மாணவர்கள் மின்நூலுக்குப் போனார்கள். நம் நிலை அப்படியல்ல. அதே நூலின் இந்தியப் பதிப்பு, மெல்லிய தாளில், பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படங்களுடன், அந்த விலையில் ஒரு சிறு பங்குக்கு இங்கே கிடைக்கிறது. இந்தியா மற்றும் அண்டை நாடுகளில் மட்டுமே விற்பனைக்கு என்று அட்டையிலேயே அச்சிட்டிருப்பார்கள். நம்மில் பலர் அந்த வரியைக் கவனித்திருக்க மாட்டோம்.

இந்த விலை வித்தியாசம் ஒரு பெரிய வழக்குக்கே காரணமானது. தாய்லாந்திலிருந்து அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போன சுபாப் கிர்ட்சாங் என்ற மாணவர், ஆசியாவில் விற்கப்படும் மலிவுப் பதிப்புகளைத் தம் உறவினர்கள் மூலம் ஊரில் வாங்கி வரவழைத்து அமெரிக்காவில் விற்றார். ஜான் வைலி பதிப்பகம் வழக்குத் தொடுத்தது. கீழ் நீதிமன்றத்தில் 6 லட்சம் டாலர் இழப்பீடு கட்டச் சொன்னார்கள். வழக்கு மேலே போய், 2013 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் மாணவர் பக்கம் தீர்ப்பளித்தது. முறையாக அச்சிட்டு விற்கப்பட்ட ஒரு புத்தகத்தை விலை கொடுத்து வாங்கியவர் அதை மறுபடி விற்கலாம். அது எந்த நாட்டில் அச்சானது என்பது பொருட்டல்ல என்றது நீதிமன்றம்.

அந்தத் தீர்ப்பு அச்சுப் புத்தகத்துக்குத்தான் பொருந்தும். மின்நூலை வாங்கும்போது நாம் பணம் கொடுப்பது நூலுக்கு அல்ல, படிப்பதற்கான அனுமதிக்கு. அதை விற்க முடியாது. தம்பிக்கோ தங்கைக்கோ கொடுத்துவிட்டுப் போக முடியாது. பலவற்றில் அனுமதிக் காலம் முடிந்தால் நூலே திறக்காது. 2019இல் பியர்சன் நிறுவனம் அமெரிக்காவில் தன் 1,500 பாடநூல்களை இனிமேல் மின்வடிவில்தான் முதலில் புதுப்பிக்கப் போவதாக அறிவித்தது. பழைய புத்தகம் கைமாறும் ஒவ்வொரு முறையும் பதிப்பகத்துக்கு ஒரு காசும் வராது. மின்நூல் கைமாறவே முடியாது என்பதால் ஒவ்வொரு மாணவரும் புதிதாகப் பணம் கட்டியாக வேண்டும். அவர்கள் ஏன் அந்தப் பக்கம் போகிறார்கள் என்பது புரியாத விஷயமல்ல.

அதே 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையை மூடியது. வாங்கியிருந்தவர்களின் நூல்கள் எல்லாம் அந்த ஜூலை மாதத்தோடு திறக்காமல் போயின. பணத்தைத் திருப்பித் தந்தார்கள். நூலின் ஓரத்தில் குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர் வரவு வைத்தார்கள். ஒரு மாணவன் ஒரு வருடம் உட்கார்ந்து எழுதிய குறிப்புக்கு அது ஈடாகுமா என்று நாம் கேட்கலாம்தான். ஆனால் அந்தக் குறிப்புகளும் தங்களோடு வந்துவிடும் என்று நம்பி வாங்கியவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் சுற்றும் கோப்புகள் இதில் சேராது. அவற்றில் பெரும்பாலானவை அனுமதி இல்லாமல் ஸ்கேன் செய்யப்பட்டவை. உரிமையாளரின் சம்மதமின்றிப் பிறர் உழைப்பை எடுப்பது கூடுமா என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் இடம் இதுவல்ல, ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சட்டப் பக்கத்தைச் சொல்லலாம். பாடத்திட்டத்துக்குத் தேவையான பகுதிகளை ஜெராக்ஸ் எடுத்துத் தொகுத்துக் கொடுத்ததற்காக தில்லிப் பல்கலைக்கழகத்தின் மீதும் அதன் வளாகத்தில் இருந்த ஒரு ஜெராக்ஸ் கடையின் மீதும் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் 2012இல் வழக்குத் தொடுத்தன. கல்விக்கான விதிவிலக்கு இதற்குப் பொருந்தும் என்று சொல்லி 2016இல் தில்லி உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டிலும் அந்த விதிவிலக்கு நின்றது. 2017இல் பதிப்பகங்களே வழக்கைத் திரும்பப் பெற்றன. ஆக, ஆசிரியர் சொன்ன அத்தியாயங்களை ஜெராக்ஸ் எடுத்துப் படிக்கும் பிள்ளை பயப்பட வேண்டியதில்லை. முழு நூலையும் ஸ்கேன் செய்து ஊருக்கெல்லாம் பரப்புவது வேறு விஷயம்.

சட்டத்தை விடுங்கள், அந்தக் கோப்புகளில் நடைமுறைத் தொல்லையும் உண்டு. பல பழைய பதிப்புகள். ஆசிரியர் ஏழாம் பதிப்பில் ஒரு கணக்கின் எண்ணைச் சொல்லுவார். பிள்ளையின் போனில் இருப்பது ஐந்தாம் பதிப்பு, அங்கே அந்த எண்ணில் வேறு கணக்கு இருக்கும். சில கோப்புகளில் நடுவில் பத்துப் பக்கம் காணாமல் போயிருக்கும். தமிழ்வழி மாணவர்களுக்குத் தொல்லை இன்னும் கூடுதல். ஸ்கேன் செய்த தமிழ் நூல்களில் பெரும்பாலும் சொல் தேட முடியாது. மின்நூலின் பெரிய வசதியே தேடல்தான். அதுவும் இல்லையென்றால் மீதி என்ன இருக்கிறது?

செலவைவிட முக்கியமான விஷயம், படித்தது மனதில் நிற்கிறதா என்பது. 2000 முதல் 2017 வரை வெளிவந்த 54 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, ஸ்பெயினின் வலென்சியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மற்றவர்களுடன் சேர்ந்து 2018இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். அந்த ஆய்வுகளில் பங்கேற்றோர் மொத்தம் 1,70,000 பேருக்கும் மேல். ஒரே பகுதியைக் காகிதத்தில் படித்தவர்கள் திரையில் படித்தவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். வித்தியாசம் மிகப் பெரியது என்று சொல்ல முடியாது. ஆனால் அது எங்கே வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கதை படிக்கும்போது வித்தியாசம் தெரியவில்லை. தகவலும் விளக்கமும் நிறைந்த பகுதிகளில்தான் தெரிந்தது. நேரக் கட்டுப்பாடு இருக்கும்போது இன்னும் கூடியது. பாடநூலும் பரீட்சைக்கு முந்தைய இரவும் அப்படியே இதில் அடங்கிவிடுகின்றன. இன்னொன்று: ஆண்டுகள் போகப் போக அந்த வித்தியாசம் குறையும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். போனோடு பிறந்த பிள்ளைகளுக்குத் திரை பழகிவிடும் அல்லவா? குறையவில்லை, கூடியிருந்தது.

ஏன் இப்படி என்பதற்கு ஆய்வாளர்கள் பல காரணம் சொல்கிறார்கள். நமக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. திரையில் படிப்பவர் தனக்கு விஷயம் புரிந்துவிட்டதாகச் சீக்கிரமே எண்ணிக்கொள்கிறார் என்று சில ஆய்வுகள் காட்டுகின்றன. போனில் நாள் முழுக்க நாம் செய்வது மேலோட்டமாகத் தள்ளிக்கொண்டே போவதுதான். செய்தி, வீடியோ, நண்பர்களின் ஸ்டேட்டஸ் எல்லாவற்றிலும் அதே விரல், அதே வேகம். பாடத்தைத் திறந்தாலும் விரல் அந்தப் பழக்கத்தை விடுவதில்லை. பிள்ளை பொய் சொல்லவில்லை. "படிச்சிட்டேன்" என்று அவன் உண்மையாகவே நம்புகிறான். பரீட்சை ஹாலில் கேள்வித்தாளைப் பார்த்த பிறகுதான் தெரிகிறது. முதல் செமஸ்டரில் அரியர் விழும் கெட்டிக்காரப் பிள்ளைகளின் வீட்டில், "பையன் எந்நேரமும் படிச்சுக்கிட்டேதான் இருந்தான்" என்று பெற்றோர் சொல்லுவதை நாம் கேட்டிருக்கிறோம். அவர்கள் சொல்வதும் உண்மைதான்.

காகிதத்தில் வேறொரு உதவியும் இருக்கிறது. அந்தச் சூத்திரம் இடப்பக்கத்தில், படத்துக்குக் கீழே, நூலின் பாதி தாண்டிய இடத்தில் இருந்தது என்று கையும் கண்ணும் சேர்ந்து நினைவு வைத்துக்கொள்கின்றன. ஆறு அங்குலப் போனில் ஒரு பக்கத்தைப் பெரிதாக்கி இங்கும் அங்கும் இழுத்துப் படிப்பவருக்கு இடம் என்ற ஒன்றே கிடையாது. கணக்கியல், புள்ளியியல், பொறியியல் கணிதம் போன்றவற்றில் கணக்கு ஒரு பக்கம், நோட்டில் வழிமுறை மறுபக்கம் என்று வைத்துப் போட்டால்தான் கை பழகும். பி.காம். பிள்ளைகள் ரெட்டி – மூர்த்தி கணக்கியல் நூலை ஒரு கையில் போனாகப் பிடித்துக்கொண்டு மறு கையால் பேரேடு போடுவதைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. நம் பல்கலைக்கழகங்கள் இன்றும் மூன்று மணி நேரம் பேனாவால் எழுதும் பரீட்சையைத்தான் வைக்கின்றன என்பதையும் மறக்க வேண்டாம்.

நம் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல் பெண் பிள்ளைகளுடையது. இரவு பத்து மணிக்கு மகள் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தால் வாப்பா முகம் சுளிக்கிறார். அவள் உயிர்வேதியியல் படிக்கிறாளா, தோழிகளுடன் அரட்டையா என்று தூரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. ஓரிரு முறை ஏச்சு வாங்கிய பிறகு அவள் போனைக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போய்விடுகிறாள். படிப்பு அங்கேயே நின்றுவிடுகிறது. வீட்டுக்கு ஒரே ஸ்மார்ட்போன், அதுவும் வியாபாரத்துக்குப் போன அண்ணனின் கையில் என்றால் நிலைமை இன்னும் மோசம். ஒரு புத்தகம் இருந்தால் அதற்கு சார்ஜும் வேண்டாம், யாருடைய அனுமதியும் வேண்டாம். மகளின் படிப்பைப் பற்றிக் கவலைப்படும் பெற்றோர் மற்ற எல்லாவற்றுக்கும் முன்பு இதை யோசிக்க வேண்டும் என்போம்.

தூக்கமும் உண்டு. படுக்கும் முன் சில மணி நேரம் ஒளிரும் திரையில் படித்தவர்களுக்கும் அச்சு நூல் படித்தவர்களுக்கும் இடையே அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடத்தி 2014இல் வெளியிட்டார்கள். சிறிய ஆய்வுதான், 12 பேர். திரையில் படித்தவர்களுக்குத் தூக்கம் வரத் தாமதமானது; உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரப்பு குறைந்தது; காலையில் விழிப்புத் தெளிய நேரமெடுத்தது. ஃபஜ்ருக்குப் பிள்ளையை எழுப்பப் பாடுபடும் தாய்மார்களுக்கு ஆய்வு தேவையில்லை, அவர்களுக்கே தெரியும்.

இவ்வளவும் சொன்னதால் மின்நூலை நாம் ஒதுக்குவதாக எண்ண வேண்டாம். சில இடங்களில் அச்சு நூல்தான் ஆபத்து. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. சீனியர் அண்ணன் அன்போடு கொடுத்த பழைய குற்றவியல் நூலைச் சட்டக் கல்லூரி மாணவர் வாங்கிப் படித்தால் பிரிவு எண்கள் எல்லாம் மாறிப் போயிருக்கும். வரிச் சட்டங்களும் அப்படித்தான். இவற்றில் சட்டத்தின் புதிய வாசகத்தை அரசு இணையதளத்திலிருந்து எடுத்து வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கோ மின்நூல் ஒரு பெரிய வாசல். எழுத்தைப் பெரிதாக்கலாம், வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். பார்வையற்றோருக்காக நூல்களை மாற்றுவடிவில் தர வழிசெய்யும் மராக்கேஷ் உடன்படிக்கையை 2014இல் முதன்முதலாக ஏற்று உறுதிசெய்த நாடு இந்தியாதான்.

மேலும், சட்டப்படி இலவசமாகவே கிடைப்பவை நிறைய இருக்கின்றன, பிள்ளைகளுக்குத்தான் தெரிவதில்லை. ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்கள், இக்னோ பல்கலைக்கழகத்தின் ஞானகோஷ் தளத்தில் உள்ள பாடக் கையேடுகள், ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் பாடநூல்கள், காரக்பூர் ஐ.ஐ.டி. உருவாக்கிய தேசிய டிஜிட்டல் நூலகம். பொறியியல், டிப்ளமா மாணவர்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ. தமிழிலேயே பாடநூல்களைத் தன் இ-கும்ப் தளத்தில் வைத்திருக்கிறது. இவை எல்லாவற்றையும்விடப் பயனுள்ளது என்-லிஸ்ட். கல்லூரி அதில் உறுப்பினராக இருந்தால் 6,000க்கும் மேற்பட்ட ஆய்விதழ்களும் லட்சக்கணக்கான மின்நூல்களும் மாணவருக்கு வீட்டிலிருந்தே திறக்கும். கல்லூரி நூலகரிடம் போய்க் கேட்டால் பயனர் பெயர் தருவார். பல கல்லூரிகளில் மூன்று வருடம் படித்து முடித்தும் அந்தப் பெயரையே கேள்விப்படாமல் வெளியே வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கல்லூரி மாணவர்களில் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினியோ டேப்லெட்டோ தருவதாக 2025 பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்தது. அது கைக்கு வந்தால் திரையில் படிப்பதை அதில் வைத்துக்கொள்வது நல்லது. போனைவிட அது எவ்வளவோ மேல்.

சரி, எந்த இரண்டு மூன்று நூல்களை வாங்குவது? பாடத்திட்டத்தின் ஒவ்வொரு தாளின் கடைசியிலும் பாடநூல்கள் என்று ஒரு பட்டியலும், பார்வை நூல்கள் என்று ஒரு பட்டியலும் இருக்கும். பார்வை நூல் எதையும் வாங்க வேண்டாம். அது நூலகத்துக்கும் திரைக்கும் உரியது. பாடநூல் பட்டியலில் கணக்கும் படமும் அதிகமுள்ள தாள், பிள்ளைக்குப் பயம் தரும் தாள், அடுத்த வருடமும் தொடரும் தாள் எவை என்று பாருங்கள். அவற்றுக்கு மட்டும் வாங்குங்கள். முதல் இரண்டு வாரம் பொறுத்து, ஆசிரியர் உண்மையில் எந்த நூலை வைத்துப் பாடம் நடத்துகிறார் என்று தெரிந்த பிறகு வாங்குவது இன்னும் புத்திசாலித்தனம். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் விற்கும் முக்கிய வினா விடைக் கைடுகளை நாம் புத்தகக் கணக்கில் சேர்க்கவில்லை. பி.டி.எஃப். எவ்வளவோ பரவாயில்லை.

புதிதாகவும் வாங்க வேண்டியதில்லை. 1985இல் மூர் மார்க்கெட் எரிந்தது என்றாலும் சென்னையில் பழைய புத்தக வியாபாரம் அழிந்துவிடவில்லை. திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையில் இன்றும் கல்லூரி நூல்கள் கிடைக்கின்றன. மற்ற ஊர்களில் சீனியர்கள்தான் பழைய புத்தகக் கடை. வாங்கும் முன் பதிப்பு எண்ணையும், பாடத்திட்டம் எந்த ஆண்டில் மாறியது என்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அது ஒன்றைச் செய்தால் போதும்.

இதில் ஜமாஅத்துகளுக்கும் ஊர் இளைஞர் சங்கங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஆண்டுதோறும் ஜூனில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டு வழங்குகிறோம். கல்லூரிப் பாடநூலை யாரும் நினைப்பதில்லை. மே மாதம் பரீட்சை முடிந்த கையோடு ஊரில் கல்லூரி முடித்த பிள்ளைகளிடம் நூல்களைக் கேட்டு வாங்கி, ஓர் அலமாரியில் வைத்து, பெயர் எழுதி இரவல் கொடுத்து, செமஸ்டர் முடிந்ததும் திரும்ப வாங்கினால் ஒரே நூல் நான்கைந்து பிள்ளைகளைப் படிக்க வைக்கும். சிறு முன்பணம் வாங்கிக்கொண்டு, நூல் திரும்பியதும் கொடுத்துவிடலாம். இல்லையென்றால் நூல்கள் ஓரிரு வருடத்தில் காணாமல் போகும். சட்டம், வரி சம்பந்தப்பட்ட பழைய நூல்களை வாங்கி அடுக்க வேண்டாம். அலமாரியைப் பள்ளிவாசல் அலுவலகத்தில் வைத்தால் ஆண் பிள்ளைகள் மட்டுமே எடுப்பார்கள். பெண்கள் மதரஸாவிலோ, பெண் பிள்ளைகள் தயக்கமின்றி வந்துபோகும் ஒரு வீட்டிலோ வைத்து, சாவியைக் கல்லூரியில் படிக்கும் பெண் ஒருவரிடமே கொடுத்துவிடுங்கள்.